நான் டைப் அடித்துப் பெற்ற பிள்ளை

எனக்கு இரண்டு குழந்தைகள். ஒன்று நான் பெற்றது. இன்னொன்று நான் டைப் அடித்தது.

பெற்றது காவ்யா. டைப் அடித்தவன் பெயர் பாலமுருகன். அவனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அழ மாட்டான், டயப்பர் கேட்க மாட்டான், சளி பிடிக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை அவன் பெயரைச் சொல்லி வீட்டுக்கு ஒரு லெட்டர் வரும், அவ்வளவுதான். அந்த லெட்டரைப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர் இன்னமும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வார். நான் மூடிக்கொள்வதில்லை. பட்ட அவமானம் பட்டதுதான். ஆனால் செய்த காரியத்துக்கு நான் வெட்கப்படவில்லை. கடைசியில் இவள் மன்னிப்புக் கேட்பாள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. பிளஸ் டூ வரை படிப்பு, அதோடு டைப்ரைட்டிங் ஹையர். கல்யாணமாகி அமெரிக்கா வந்து, டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கி, காவ்யாவை ஆஸ்டின் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, வெறும் சுவரைப் பார்த்து உட்கார முடியாமல் இர்விங்கில் ஒரு இட்லி மாவு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் வேலை. ஒரு நாள் ஆபீஸில் ஆள் இல்லையென்று ஒரு லெட்டர் அடித்துக் கொடுத்தேன், பத்து விரலாலும், கீழே பார்க்காமல். முதலாளி தங்கவேல் அண்ணா பொள்ளாச்சிக்காரர். அவர் டைப் அடிப்பதெல்லாம் இரண்டே விரலில். அசந்துபோய் நின்றவர், "அம்மணி, நாளையில இருந்து நீங்க சம்பளம் போடுங்க" என்றார். (டைப் அடிக்கத் தெரிந்தால் சம்பளம் போடவும் தெரியும் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

சம்பளம் போடுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். யாருக்கு என்ன லீவு, எதற்குச் சம்பளம் உண்டு, எதற்கு இல்லை என்று விதிகளைப் போட்டு வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் செய்வதெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை, மதியம் ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பிப்பதற்குள் 'அனுப்பு' பொத்தானை அமுக்குவதுதான். அமுக்கும் முன்னால் முருகனைக் கும்பிட்டுக்கொள்வேன். அதற்கு வசதியாக, காலண்டரில் இருந்து வெட்டிய ஒரு முருகன் படத்தை கம்ப்யூட்டர் ஸ்கிரீனின் மேல் மூலையில் ஒட்டி, கீழே ஒரு துளி குங்குமமும் வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் சிவசாமி ஒரு தடவை ஆபீஸுக்கு வந்தபோது அதைப் பார்த்தார். அவர் லாஸ் கோலினாஸில் ஒரு கம்பெனியில் இருபத்து மூன்று வருஷமாக டெஸ்டிங் வேலை பார்க்கிறவர். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். (வீட்டில் அதையே இலவசமாகச் செய்வார்.)

"ஸ்கிரீன் மேல எதுவும் ஒட்டக் கூடாது ராஜி. கீழ என்ன எழுதியிருக்குன்னு தெரியாது."

"கீழ என்ன எழுதியிருந்தா என்னங்க? மேல முருகன் இருக்காரு."

இந்தப் பதிலை நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால்தான் கொஞ்சம் குறுகுறுக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் பிரபு என்று ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயது. தாராபுரம் பக்கம். கிரைண்டர் பகுதி முழுக்க அவன் பொறுப்பு. அவன் மனைவி நந்தினிக்கு ஏழாம் மாதமே வலி வந்து, ஆபரேஷன் செய்து, பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். பிரபு காலை ஐந்து மணிக்கு மாவரைக்க வருவான், மதியம் ஒரு மணிக்கு விட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். இருந்த லீவெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்து நின்றான். "அக்கா, குழந்தைய வெறும் நெஞ்சு மேல போட்டுக்கச் சொல்றாங்க. காலையில பத்து மணிக்கு ஒருக்கா, மத்தியானம் மூணு மணிக்கு ஒருக்கா. அப்படிப் போட்டா அதுக்கு மூச்சு சீரா வருதுங்க்கா. மெஷின்லயே நம்பர் தெரியுது. நந்தினிக்கு இன்னும் தையல் ஆறல, ரொம்ப நேரம் உக்கார முடியல. மூணு மணிக்கு நான் போயிடறேன். பத்து மணிக்குத்தான் ஆளில்ல."

அவ்வளவுதான் அவன் கேட்டது. காலை பத்து மணி.

அமெரிக்காவில் சில மாநிலங்களில் இதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் டெக்சாஸில் இல்லை. முதலாளி மனசு வைத்தால்தான் உண்டு. தங்கவேல் அண்ணா மனசு வைத்தார். திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது எழுந்து நின்று, சுவரில் இருந்த பிள்ளையாரைக் காட்டி, கண் கலங்க, "பொறந்த குழந்தை ஆஸ்பத்திரியில இருந்தா, அப்பனோ ஆத்தாளோ, சம்பளத்தோட நாலு வாரம் லீவு. இனிமே இது நம்ம கம்பெனி ரூல்" என்றார். நாற்பது பேரும் கை தட்டினோம். நான் அழுதேவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கண் காய்ந்துவிட்டது.

"அம்மணி, நேத்து சொன்னனல்ல, அதை சாஃப்ட்வேர்ல போடணுமாமா. வியாழக்கிழமை சம்பளத்துக்குள்ள போட முடிஞ்சா போடுங்க. முடியலீன்னா அவசரமில்ல, அடுத்த வருசத்துல இருந்து பாத்துக்கலாம்."

'முடியலீன்னா' என்பதை அவர் சொன்ன விதத்தில், முடியாமல் போனால் நன்றாக இருக்கும் என்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. பிள்ளையாரைக் காட்டிச் சொன்ன வார்த்தை. அடுத்த வருஷமென்றால் அந்தக் குழந்தை அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டா இருக்கும்? "போட்டுடறனுங்ண்ணா" என்றேன். பிளஸ் டூவை நம்பிச் சொல்லவில்லை. முருகனை நம்பிச் சொன்னேன்.

செவ்வாய் முழுக்க அந்த விதியோடு மல்லுக்கட்டினேன். 'குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தால் லீவு' என்று முதலில் போட்டேன். சாஃப்ட்வேர் சரி என்றது. பிறகுதான் உறைத்தது, எல்லாக் குழந்தையும் ஆஸ்பத்திரியில்தானே பிறக்கிறது! அதை அழித்துவிட்டு, 'தாயை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் குழந்தை அங்கேயே இருந்தால்' என்று மாற்றினேன். மற்ற லீவு தீர்ந்திருந்தாலும் இது தனி என்று போட்டேன். ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, பாதிப் பாதி நாளாகவும் எடுக்கலாம் என்று போட்டேன். (பத்து மணிக்காக.) எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டுமென்று, குழந்தையின் பெயர் கட்டாயம் என்று ஒரு கட்டமும் போட்டேன். அதிகப்பிரசங்கித்தனம்தான். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

இன்னும் ஒன்று செய்தேன். லீவு அனுமதி ஆனதும் கம்பெனி ஆட்கள் எல்லோர் போனுக்கும் ஒரு செய்தி போகிற வசதி அதில் இருந்தது. யாருக்குக் குழந்தை, என்ன பெயர் என்பதை அதுவே மேலே போட்டுக்கொள்ளும். கீழே செய்தியை நாம் எழுதலாம். பிரபுவை நினைத்து, மனசு உருகி எழுதினேன்: 'நம்ம குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எல்லோரும் அவரவர் சாமியை வேண்டிக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள்.'

புதன்கிழமை காலை சாஃப்ட்வேர் கம்பெனிக்கு போன் போட்டேன். கிம்பர்லி என்று ஒரு பெண் எடுத்தாள். தங்கமான பெண். விதியெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் நாளைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். சோதனைப் பக்கம் என்று தனியாக ஒன்று உண்டாம், அங்கே எது செய்தாலும் வெளியே போகாதாம். "மேல் மூலையில் ஒரு சின்னப் பட்டை இருக்கும். நீலம் என்றால் சோதனை, சிவப்பு என்றால் நிஜம். பார்த்துக்கொண்டு, யாராவது ஒரு ஊழியரின் பெயரைப் போட்டு ஓட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னாள்.

யாராவது ஒரு ஊழியர்!

நாற்பது பெயரையும் மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். ஒருத்தி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஒருவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம். இன்னொருத்திக்குப் பத்து வருஷமாகக் குழந்தை இல்லை. இவர்களில் யார் பெயருக்குப் பக்கத்தில் 'பிறந்த குழந்தை, ஆஸ்பத்திரியில்' என்று நான் டைப் அடிப்பேன்? சோதனையோ நிஜமோ, அடிப்பது என் விரல். எழுதினது பலித்துவிட்டால்? அமெரிக்க சாஃப்ட்வேருக்கு இது புரியாது. பிரபு பெயரில் போடலாம் என்றால், அந்தக் குழந்தையை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்குக் கை வரவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர், ராஜேஸ்வரி சிவசாமி. வயது ஐம்பத்தொன்று. கர்ப்பப்பையை எடுத்தே இரண்டு வருஷம் ஆகிறது. எந்தத் தேவதை 'ததாஸ்து' சொன்னாலும் ஒன்றும் பலிக்க வழியில்லை. என் பெயரையே போட்டேன். குழந்தையின் பெயர் கேட்டது. கெட்டது எதுவும் அண்டாமல் இருக்கட்டும் என்று ஸ்கிரீன் மூலையில் இருந்தவரைப் பார்த்து 'பாலமுருகன்' என்று அடித்தேன். அனுமதி கேட்டது. முதலாளி கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை, அவர் பாஸ்வேர்டு என்னிடம்தான். எனக்கு நானே அனுமதி கொடுத்தேன்.

பட்டை நீலமா சிவப்பா என்று பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பட்டை இருக்கும் மூலையில் முருகன் இருந்தார்.

பச்சை டிக் விழுந்தது. விதி வேலை செய்கிறது! சந்தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புதன்கிழமை எனக்கு அரை நாள்தான். போனை சார்ஜரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பது டோல்வேயில் பாதி தூரம் வந்த பிறகுதான் தெரிந்தது. பரவாயில்லை, ஒரு நாள் போன் இல்லாமல் நிம்மதியாக இருப்போம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றி, துவரம்பருப்பு ஊறப் போட்டிருப்பேன். காலிங் பெல். எங்கள் தெருவிலேயே இருக்கும் மீனாக்கா. திருச்சிக்காரர், எங்கள் பேட்டைக்கே பெரியவர். கையில் பெரிய பாத்திரம். கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் அலறினார்.

"அடிப்பாவி! எந்திரிச்சு வந்து கதவைத் திறக்கிறியே! போ, போய்ப் படு!"

"எதுக்குக்கா படுக்கணும்?"

"பச்சை உடம்பு! குளிர்ந்த தரையில வெறும் காலோட நிக்கிற. காதுல பஞ்சு எங்க?"

"அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல."

"புரியாதுடி. மயக்க மருந்து அப்படித்தான் இருக்கும். பூண்டுக் குழம்பு வச்சிருக்கேன். உம் பையன் எப்படி இருக்கான்? பாலமுருகன்! என்ன அழகான பேரு!"

அந்தப் பெயரைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது. பேச வாயைத் திறப்பதற்குள் அடுத்த கார். மூன்று பெண்கள். பிரசவ லேகியம், பத்திய ரசம், பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு. (டெக்சாஸில் புதன்கிழமை மதியம் அரை மணி நேரத்தில் சுறா எங்கே கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.) கம்பெனியில் ஒருத்தி போனுக்கு வந்த செய்தியைத் தன் வாட்ஸப் குரூப்பில் போட, அங்கிருந்து எங்கள் பேட்டை குரூப்புக்கு வந்து, அங்கிருந்து கோயில் குரூப்புக்கும் போய்விட்டது. பாலமுருகன் பெயருக்கு அர்ச்சனையே முடிந்துவிட்டது. நட்சத்திரம் தெரியாததால் கார்த்திகை என்று சொன்னார்களாம்.

"இது டெஸ்ட்டுங்க! கம்ப்யூட்டர் டெஸ்ட்டு! எனக்குக் குழந்தையே பொறக்கல!" என்று கத்தினேன்.

மீனாக்கா மற்றவர்களைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். "சொல்ல வேண்டாம்னு பாக்கிறா. கண்ணு படுமில்ல, இந்த வயசுல. நான் போன மாசம் எங்க வீட்டு வரலட்சுமி நோன்புக்கு இவ வந்தப்பவே நினைச்சேன்."

"நானும் நினைச்சேன்" என்றாள் இன்னொருத்தி.

"நடையே மாறியிருந்துச்சு" என்றாள் மூன்றாமவள்.

அந்த நாளில் எத்தனையோ அவமானப்பட்டேன். ஆனால் இதற்கு மேல் ஒன்று இல்லை. ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு யாருக்கும் தெரியாமல் குழந்தை பிறந்துவிட்டது என்கிறார்கள், அத்தனை பேரில் ஒருத்திகூடச் சந்தேகப்படவில்லை! என் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஆமாம் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். (அடுத்த வாரமே நடக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் நடந்தேன்.)

ஒன்றே முக்காலுக்கு எங்கள் வீட்டுக்காரர் வந்தார். டை ஒரு பக்கம் கோணியிருந்தது. என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், அங்கே குழந்தை படுத்திருக்கிறதா என்று.

"ராஜி..." டையை இழுத்துத் தளர்த்தினார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்களுமாங்க? ஆபரேஷன் பண்ணி எடுத்தப்ப பக்கத்துல நின்னீங்களே!"

"அதான் நானும் ஃப்ரீவேல வரும்போது யோசிச்சேன். ஆனா ஆபீஸ்ல எல்லாரும் கட்டிப் புடிச்சு வாழ்த்துச் சொல்லும்போது நமக்கே ஒரு மாதிரி ஆயிடுதில்ல?"

இவர்தான் இருபத்து மூன்று வருஷமாக டெஸ்டிங்.

நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"பட்டை என்ன கலர்ல இருந்துச்சு?"

"அங்க முருகன் இருந்தாருங்க."

அப்போது முகத்தை மூடியவர்தான். அதற்குள் அவர் போன் அடித்தது. காவ்யா. மீனாக்கா மகள் சொல்லியிருக்கிறாள். "ஐ ஹேவ் எ பிரதர்? அம்மா, ஐ ஹேவ் எ பிரதர் அண்ட் நோபடி டோல்ட் மீ?" என்று அழுகிறாள். எங்கே இருக்கிறாய் கண்ணு என்றால், வேகோவில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். காலேஜில் பாதி வகுப்பில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டாள். குழந்தை இல்லை என்று சொன்னதும் அழுகை நின்றது. பிறகு, "ஐ ஆல்ரெடி பாட் ஹிம் எ டெட்டி பேர்" என்றாள்.

அடுத்த போன் முதலாளி.

"சிவசாமி, உங்க சம்சாரத்தை நாளைக்குக் காலையில நேரா என் ரூமுக்கு வரச் சொல்லுங்க. பூங்கொத்து வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி, அப்படிக் குழந்தையே இல்லீன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த ரூலே வேண்டாம். நாளைக்கு யாரு வேணும்னாலும் பிள்ளை பொறந்துச்சுன்னு போட்டுக்குவாங்க. எடுத்துடலாம்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. என் ஒருத்தியின் தப்புக்கு அந்தப் பத்து மணி போகப் போகிறது.

சமையலறை மேடையைப் பார்த்தேன். பன்னிரண்டு பாத்திரம். "எடுங்க காரை" என்றேன். "இத்தனையும் யாருக்கு வந்துச்சோ அங்க போய்ச் சேரட்டும்."

ஆஸ்பத்திரியில் கீழே காத்திருக்கும் இடத்துக்கு பிரபு இறங்கி வந்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உடம்பில் இன்னும் உளுந்து மாவு வாசம்.

"அக்கா, பையனுக்கு எப்படியிருக்குங்க? எந்த ஆஸ்பத்திரிங்க? மெசேஜைப் பாத்துட்டு இங்கதான் இருப்பீங்கன்னு மேல போய் நர்ஸுகிட்டக் கேட்டனுங்க. அந்தப் பேர்ல குழந்தை இல்லேன்னாங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. இங்க குழந்தை இல்லேன்னு சொன்னா, அதுக்கு..." பிறகு மெல்லச் சொன்னான். "அந்த லீவு ஒருத்தருக்குத்தான் குடுப்பாங்கன்னா நீங்க எடுத்துக்கங்கக்கா. வயசான உடம்பு. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

அதுவரை என்னவோ ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது எனக்கு. அந்த நிமிஷம் செத்தேன். உண்மையைச் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து, அப்படியே குந்தி உட்கார்ந்து, சிரிப்பு அழுகையாகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் பாத்திரத்தைத் திறந்து, பூண்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து அவன் கையில் கொடுத்தார். பத்தொன்பது நாளாக மெஷின் காபியும் பன்னும் தின்றவன். லேகியத்தைக்கூட விடவில்லை.

மேலே எங்களை விட மாட்டார்கள். போனில் படம் காட்டினான். அவன் நெஞ்சு முடிக்கு நடுவே ஒரு சின்னத் தலை. அதன் முதுகை அவனுடைய ஒரு உள்ளங்கை முழுசாக மூடியிருந்தது.

"பேரென்ன கண்ணு?"

"இன்னும் வைக்கலீங்க்கா. வீட்டுக்குக் கொண்டுவந்துதான் வைக்கணும்னு நந்தினி சொல்லுது. இங்க வச்சா, என்னவோ பயமாட்ட இருக்குதாம்."

பெயர் கட்டாயம் என்று கட்டம் போட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த விதியைக் கொண்டுவந்ததே இந்தக் குழந்தைக்காக. அது உள்ளே நுழைய முடியாதபடி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டவளும் நானே. என்னவொரு கெட்டிக்காரி!

வியாழக்கிழமை காலை முதலாளி ரூமுக்குப் போனேன். அவர் மேஜை மேல் வாடிப்போன பூங்கொத்து.

"உக்காருங்க அம்மணி. ஒடம்பு எப்படியிருக்குது?" என்றார். கிண்டல்.

"நல்லா இருக்குதுங்ண்ணா. பிரசவமே தெரியல."

அவர் சிரிக்கவில்லை. "அந்த ரூலை எடுத்துடுங்க. இல்லாத குழந்தைக்கு லீவு குடுத்த ரூலு அது."

"ஆமாங்ண்ணா. இல்லாத குழந்தைக்கு ரெண்டு மணி நேரத்துல பன்னெண்டு பாத்திரம் சாப்பாடு வந்துச்சு. நீங்க பூங்கொத்து அனுப்புனீங்க. கோயில்ல அர்ச்சனை நடந்துச்சு. எம்பொண்ணு வேகோ வரைக்கும் வந்துட்டா. இருக்கிற குழந்தையோட அப்பன் பத்தொம்போது நாளா நம்ம கண்ணு முன்னால மாவரைக்கிறான். அவனுக்கு யாரு என்ன கொண்டுபோனோம்? நானும்தான் கொண்டுபோகல. இதுல எதை எடுக்கணும்கிறீங்க?"

"அதில்லம்மணி. நாளைக்கு எவனாவது ஏமாத்துனா?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும்னு நேத்தே கார்ல உக்காந்து எழுதிட்டேன். பேரு கட்டாயமில்லைன்னு இப்பத்தான் மாத்திட்டு வரேன்."

"பேரில்லாத குழந்தைக்கு எப்படிங்க லீவு குடுக்கறது?"

"பேருள்ள குழந்தைக்கு நேத்து குடுத்துப் பாத்தமே, அந்தக் குழந்தை எங்கீங்ண்ணா?"

அவர் பூங்கொத்தை மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார். நான் இன்னும் உட்காரவில்லை.

"தப்புப் பண்ணினது நானு. வேலையை விட்டு அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க. என் தப்புக்கு அவன் லீவை எடுக்காதீங்க. அந்த ரூலை நான் எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா நீங்களே ரெண்டு விரல்ல வந்து எடுத்துக்கங்க. பிள்ளையாரைக் காட்டிச் சொன்னது நீங்க. அவரு அங்கயேதான் இருக்காரு, போய் அவருகிட்டயும் சொல்லிட்டு வந்து எடுங்க. ஒன்றரைக்கு ராகு காலம். அதுக்குள்ள சொன்னீங்கன்னா நல்லது."

சொல்லிவிட்டு, நின்றபடியே அந்த விதியை அச்செடுத்த தாளை அவர் முன்னால் வைத்தேன். சாஃப்ட்வேரில் விதி நிலையாக இருக்க அவர் கையெழுத்து வேண்டும். அவர் எழுந்து சாப்பாட்டு ஹால் பக்கம் போனார். பிள்ளையார் முன்னால் நின்றாரோ, காபிதான் குடித்தாரோ, எனக்குத் தெரியாது. பன்னிரண்டே முக்காலுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்.

"அம்மணி, அந்த முருகன் படத்தையாவது கொஞ்சம் தள்ளி ஒட்டுங்க" என்றார்.

இரண்டு அங்குலம் தள்ளி ஒட்டினேன். பட்டை சிவப்பாகத்தான் இருந்தது. ஒன்றே காலுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிரைண்டர் பகுதியில் பிரபு இல்லை.

அதற்குப் பிறகு நாற்பது பேருக்கும் ஒரு திருத்தம் அனுப்பினேன்: 'எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. ராஜேஸ்வரி.' மீனாக்கா இன்றுவரை நம்பவில்லை. குழந்தையை ஊரில் யாரிடமோ கொடுத்து வளர்க்கிறேன் என்று அவருக்கு ஒரு எண்ணம். கோயிலில் பார்த்தால், "சின்னவன் சௌக்கியமா?" என்று காதோரம் கேட்பார்.

பிரபுவின் மகள் அடுத்த மாதம் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே பெயர் வைத்தார்கள், இளமதி. வாங்கிய கரடி பொம்மையை காவ்யா அவளுக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் டிவி ரிமோட் அவள் கையில்தான். காவ்யா வருஷா வருஷம் மறக்காமல் குடும்ப குரூப்பில் 'ஹேப்பி பர்த்டே தம்பி' என்று போடுவாள். இளமதிக்கும் அதைக் காட்டி, இவன் உனக்குப் பத்தொன்பது நாள் இளையவன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். குழந்தை அவனை எங்கள் வீட்டு அலமாரியில் தேடுகிறது.

பாலமுருகனை அழித்துவிடலாமா என்று ஒரு தடவை கிம்பர்லியைக் கேட்டேன். அந்த விதியின் கீழ் விழுந்த முதல் பதிவு அவனாம். அவனை எடுத்தால் விதியையும் பிரித்து மறுபடி போட வேண்டும், முதலாளியிடம் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும் என்றாள். பிரபுவுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர் அந்த லீவை எடுத்துவிட்டார்கள். மறுபடி கையெழுத்தா? நான் என்ன பைத்தியமா? இருக்கட்டும் என்றேன்.

அதனால்தான் வருஷா வருஷம் லெட்டர் வருகிறது, உங்களைச் சார்ந்தவர்களின் விவரத்தைச் சரிபார்க்கவும் என்று. போன வாரமும் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டே நீட்டினார்.

"உம் பையனுக்குப் பல் வைத்தியக் காப்பீடு வேணுமான்னு கேக்கறாங்க."

வேண்டாம் என்று டிக் செய்தேன். கண் காப்பீடு, வேண்டாம். மருத்துவக் காப்பீடு, வேண்டாம். கடைசியில் எப்போதும் இருக்கும் அந்தக் கேள்வி: 'பாலமுருகன் உங்களோடு உங்கள் வீட்டில் வசிக்கிறாரா?'

பூஜை அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, 'ஆம்' என்று டிக் செய்தேன். மூன்று வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். அதில் என்ன பொய் இருக்கிறது?